கம்பசுக்கு வண்டியில் வரும் புதுமுக மாணவருக்கு

ஒரு நாளில் உங்கள் மோட்டார் சைக்கிள் ஓடுவது அரைமணி நேரம். நிற்பது எட்டு மணி நேரம். ஓட்டுவதற்கு லேர்னர்ஸில் ஆள் வைத்துப் பழக்குகிறார்கள். நிறுத்துவதற்கு எவரும் பழக்குவதில்லை. கம்பசில் வண்டியால் வரும் கரைச்சல் அநேகமாக நிறுத்திய இடத்தில்தான் தொடங்குகிறது. வரிசையில் ஒன்று சரிய மற்றதெல்லாம் சரிவது, பின்னால் வந்தவர் அடைத்து விட்டதால் சோதனைக்குப் பிந்துவது, மழை நாளில் ஸ்ராண்ட் மண்ணுக்குள் இறங்குவது என்று பட்டியல் நீளும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்குப் புதிதாக வருவோரை மனதில் வைத்து, வீட்டுப் படலை தொடக்கம் மாலையில் திரும்பும் வரை செய்ய வேண்டியதை ஒழுங்காகச் சொல்கிறோம்.

ஒன்றை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். இது வாகனங்களை எண்ணி அமைத்த வளவு அல்ல. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடம் 1974இல் பல்கலைக்கழக வளாகமாயிற்று; 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று தனித்து நின்றது. பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வந்த ஒரு கல்லூரி வளவுக்குள்தான் இன்று இத்தனை மோட்டார் சைக்கிளும் காரும் நுழைகின்றன. உள்ளே நடப்பவருக்கே முதலிடம். வண்டி அவருக்கு வழிவிட்டுப் போக வேண்டும்.

வெளிக்கிட முன்

லைசன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் (நாங்கள் ‘டக்ஸ்’ என்று சொல்வது), இன்சூரன்ஸ், மாணவர் அடையாள அட்டை. இந்த நான்கும் கையில் இல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். லைசன்ஸில் வண்டிக்குரிய வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 100 சிசி வரையான மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 போதும். அதற்கு மேல் ஏ வேண்டும். வீட்டில் நின்ற சின்ன ஸ்கூட்டியில் பழகி ஏ1 எடுத்தவர், பிறகு 110 சிசி ஸ்கூட்டர் ஒன்று வாங்கி அதே லைசன்ஸோடு ஓடுவதுண்டு. அது செல்லாது.

டக்ஸ் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. அதற்குச் செல்லுபடியான இன்சூரன்ஸும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். ஆகவே முதலில் புகை, பிறகு இன்சூரன்ஸ், கடைசியாக டக்ஸ் என்று போங்கள். மூன்றையும் முடிவு திகதி அன்று செய்ய வெளிக்கிட்டால் ஒன்று தவறி மற்றதும் நிற்கும். லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினாலும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினாலும் நீதிமன்றத் தண்டம் 25,000 ரூபாவில்தான் தொடங்குகிறது; மாணவர் ஒருவருக்கு அது பல மாதச் சாப்பாட்டுக் காசு.

வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் பெயரிலோ, விற்றுவிட்டுப் போன யாரோ ஒருவரின் பெயரிலோ இருக்கும் வண்டி யாழ்ப்பாணத்தில் நிறைய ஓடுகிறது. ‘ஓப்பின் பேப்பர்’ (விற்றவர் கையெழுத்து வைத்து, வாங்குபவர் பெயர் எழுதாமல் விட்ட மாற்றப் படிவம்) கையில் இருக்கிறது என்று ஆறுதலடையாதீர்கள். வண்டி களவு போனாலும் யாரையாவது இடித்தாலும், பதிவில் இருக்கும் சொந்தக்காரரைத்தான் முதலில் தேடுவார்கள். அவர் இல்லாவிட்டால் உங்கள் கதையை நிறுவ நீங்கள் அலைய வேண்டும். வண்டியின் பதிவுப் புத்தகத்தைப் பெயர் மாற்றி எடுத்த பிறகு கம்பசுக்குக் கொண்டு வாருங்கள்.

ரயர்க் காற்றை வாரத்துக்கு ஒருமுறை, வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பாருங்கள். பெரும்பாலான 100, 125 சிசி வண்டிகளுக்கு முன்னுக்கு 25 பி.எஸ்.ஐ., பின்னுக்கு 28 அளவில் வரும். இரண்டு பேர் போவதென்றால் பின்னுக்கு 32. சரியான கணக்கு செயின் மூடியிலோ வண்டியோடு தந்த பாவனைப் புத்தகத்திலோ எழுதியிருக்கும். ஹெல்மெற் ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். நாடிப் பட்டியைப் பூட்டாமல் தலையில் வைத்திருந்தால் விழும்போது அது உங்களுக்கு முன்னம் ரோட்டில் போய்க் கிடக்கும்.

வரும் வழி

பலாலி வீதியில் பட்டணப் பக்கமிருந்து வருவோருக்கு, பரமேஸ்வராச் சந்தியில் கம்பஸ் இடக்கைப் பக்கம். இது லேசான திருப்பம். ஆனால் இடது ஓரமாகச் சைக்கிளில் நேரே போகும் பள்ளிக்கூடப் பிள்ளையை முந்திக்கொண்டு அவர் முன்னாலேயே வெட்டித் திரும்பாதீர்கள். அவர் போகட்டும், அவருக்குப் பின்னால் திரும்புங்கள்.

கோண்டாவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து வருவோருக்கு வலப்பக்கத் திருப்பம். இதில்தான் கவனம் வேண்டும். சந்திக்கு 30 மீற்றர் முன்னமே கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, வேகத்தைக் குறைத்து வீதியின் நடுக்கோட்டருகே வாருங்கள். எதிரே வருபவை போய் முடியும் வரை முன்சில்லை நேராக வைத்து நில்லுங்கள். சில்லை முன்கூட்டியே வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நின்றால், பின்னால் யாராவது இலேசாகத் தட்டினாலும் எதிரே வரும் பஸ்ஸுக்கு நேரே தள்ளுப்படுவீர்கள். திரும்பும்போது சந்தியின் மூலையை வெட்டாமல், நடுப்புள்ளி வரை வந்து திரும்ப வேண்டும்.

கே.கே.எஸ். (காங்கேசன்துறை) வீதிப் பக்கமிருந்து வருபவர்கள் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். படலை இறங்கியிருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு நில்லுங்கள். ஒரு ரயில் போனவுடன் படலை உயராவிட்டால் ஏதோ காரணம் இருக்கிறது. குனிந்து புகுந்து போகாதீர்கள்.

நேரத்தையும் யோசியுங்கள். பள்ளிக்கூடம் தொடங்குவது காலை 7.30, விடுவது பின்னேரம் 1.30. இந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் அரைமணி நேரம் பலாலி வீதி நிறைந்திருக்கும். காலையில் திருநெல்வேலிச் சந்தையடியில் மரக்கறி மூட்டை கட்டிய சைக்கிள், லான்ட்மாஸ்ரர் (இருசில் உழவு இயந்திரம்), வீதியோரம் நிற்கும் ஓட்டோ எல்லாம் ஒன்றாக இருக்கும். எட்டு மணி வகுப்புக்கு வருபவர் பத்து நிமிடம் முந்தி வெளிக்கிடுவதே நல்லது. ஊர் எல்லைக்குள் மோட்டார் சைக்கிளுக்கு மணிக்கு 50, ஓட்டோவுக்கு 40 கிலோமீற்றர்தான் உச்சம். சந்தையடியில் 20இல் வந்தாலும் அது வேகம்தான்.

கேற்றிலும் உள்ளேயும்

கேற்றுக்கு முன்னால் இறங்கத் தேவையில்லை. ஆனால் நின்று, முகம் தெரிய ஹெல்மெற் கண்ணாடியை உயர்த்தி, அடையாள அட்டையைக் காட்டுங்கள். காவலாளி உங்களைத் தெரிந்துகொள்வது உங்களுக்குத்தான் நல்லது. உங்கள் வண்டியை வேறொருவர் வெளியே எடுத்துப் போனால் கவனிக்கக்கூடிய முதல் ஆள் அவர்.

பதிவு நாளன்றே, வளாக ஒழுங்கைப் பார்க்கும் மார்ஷல் அலுவலகத்தில் மூன்று கேள்வி கேட்டு விடுங்கள். மாணவர் வண்டி எந்தக் கேற்றால் வர வேண்டும்? எங்கே நிறுத்தலாம்? வண்டி இலக்கத்தைப் பதிய வேண்டுமா? விதி என்பது நிர்வாகம் சொல்வதும் அறிவித்தற் பலகையில் எழுதியிருப்பதும்தான். ‘முதலாம் வருசம் பைக்கில் வரக்கூடாது’, ‘ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் பிடி’, ‘உன்ரை வண்டித் திறப்பைத் தா’ என்று மூத்த மாணவர் எவராவது சொன்னால் அது விதியல்ல. பயப்படுத்திச் சொன்னால் அது பகிடிவதை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மார்ஷலிடமோ மாணவ ஆலோசகரிடமோ அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். திறப்பை மட்டும் எவருக்கும் கொடுக்காதீர்கள். அவர் ஓடி இடித்தால் பொறுப்பு உங்கள் தலையில் வரும்.

உள்ளே பலகையில் என்ன வேகம் போட்டிருந்தாலும் 15 கிலோமீற்றருக்கு மேல் போகாதீர்கள். அது முதலாம், இரண்டாம் கியர் வேகம். கோண் அடிக்கத் தேவையில்லை. விரிவுரை நடக்கும் கட்டடம் பக்கத்தில் இருக்கிறது. கட்டட மூலைகளில்தான் இடிபடுகிறது, ஏனென்றால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் மூலையால் வெளிவருவார், நீங்கள் மூலையை ஒட்டித் திரும்புவீர்கள். மூலையிலிருந்து ஒரு பாகம் (இரு கையும் விரித்த அகலம்) தள்ளித் திரும்பினால் இருவருக்கும் பார்வை கிடைக்கும். வளவுக்குள் இருக்கும் பரமேஸ்வரன் கோயிலடியில் வெள்ளிக்கிழமைகளில் கும்பிட வருவோர் கூடுதலாக இருப்பார்கள். அந்த வாசலை அடைத்து நிறுத்த வேண்டாம்.

நிறுத்துவது

இடம் தேடும்போது முதலில் மேலே பாருங்கள், பிறகு கீழே. தென்னைக்குக் கீழ் ஒருபோதும் வேண்டாம். தேங்காய் விழாவிட்டாலும் காய்ந்த ஓலையின் மட்டை ஒன்றே கண்ணாடியை உடைக்கப் போதும். பனைக்குக் கீழ் பழம் விழும் ஆவணிக் காலத்தில் வேண்டாம். பின்னேரம் காகம் அடையும் மரமென்றால் சீற் வெள்ளையாகியிருக்கும். வேம்பின் நிழல் எல்லாவற்றிலும் நல்லது. நிழலே கிடைக்காவிட்டால் சீற்றின் மேல் ஒரு வெள்ளைத் துணி போட்டு வையுங்கள். கறுப்புச் சீற் மத்தியான வெயிலில் இருக்க முடியாதபடி சுடும். வெயிலில் நிற்கும் நாளில் ராங்கை வாய்மட்டம் வரை நிரப்பாதீர்கள். பெற்றோல் சூட்டில் விரிந்து மூடியால் கசியும்.

இடம் எடுத்த பிறகு இப்படிச் செய்யுங்கள்:

1. முன்சில் வெளியே பார்க்க, பின்பக்கமாகத் தள்ளி உள்ளே விடுங்கள். காலையில் ஆள் குறைவு, தள்ளுவது லேசு. பின்னேரம் எல்லோரும் ஒன்றாக எடுக்கும்போது பின்பக்கமாக இழுப்பதுதான் கரைச்சல்.

2. நடு ஸ்ராண்ட் இருந்தால் அதையே போடுங்கள். வண்டி நேரே நிற்கும், இடமும் குறையும். சைட் ஸ்ராண்ட் மட்டும் உள்ள வண்டி இடப்பக்கம் சாயும். அந்தப் பக்கத்தில் கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு முழம் விடுங்கள்.

3. கைப்பிடியை இடப்பக்கம் திருப்பி லொக் போடுங்கள். சைட் ஸ்ராண்டில் நிற்கும்போது இடப்பக்கம் திரும்பிய சில் வண்டியைத் தாங்கும். வலப்பக்கம் திரும்பியிருந்தால் சின்னத் தட்டிலும் உருண்டு ஸ்ராண்ட் மடியும். கியர் வண்டியை முதலாம் கியரில் விடுங்கள். ஸ்கூட்டருக்குக் கியர் பிடிக்காது, ஆகவே சரிவான இடத்தில் நடு ஸ்ராண்ட்தான்.

4. பழைய வண்டியென்றால் பெற்றோல் ராப்பை மூடுங்கள்.

5. திறப்பு கையில் இருக்கிறதா என்று பார்த்து விட்டு நடங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் சீற்றைத் திறந்து புத்தகம் எடுத்தவர் திறப்பை அதிலேயே விட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.

இந்த ஒரு முழத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், இடத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒட்டி ஒட்டி நிறுத்திய வரிசையில் எல்லா வண்டியும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். வலது கோடியில் நிற்பதை ஒருவர் எடுக்கும்போது கைப்பிடி பக்கத்துக் கண்ணாடியில் கொழுவினால், அது அடுத்ததில் விழும், அது அதற்கடுத்ததில். உடைவது லீவர், சிக்னல் லைற், கண்ணாடி. எது யாரால் உடைந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. வண்டியின் சைலன்சர் வலப்பக்கம் இருக்கும்; வலப்பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியில் ஏறுவது இடப்பக்கத்தால். ஆகவே அவர் கால் வைப்பது உங்கள் சூடான சைலன்சருக்குப் பக்கத்தில். ஓடி வந்த சைலன்சர் ஆறக் கால்மணி நேரமாவது எடுக்கும். சேலையோ பாவாடையோ உடுத்தவர் அந்த நெருக்கத்துக்குள் புகுந்து கணுக்காலைச் சுட்டுக்கொள்கிறார். ஒரு முழம் விட்டால் அது நடக்காது. அதே மாதிரி, பின்சீற்றில் இருந்து வருபவரின் சேலைத் தலைப்பும் சோலும் சில்லுக்குள் போகாமல் முடிந்திருக்கிறதா என்று வெளிக்கிட முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

ஹெல்மெற்றைக் கண்ணாடியில் கவிழ்த்து வைப்பது கெட்ட பழக்கம். உள்ளே இருக்கும் நுரை அழுந்திப் போனால் அடி தாங்காது. பட்டியைச் சீற்றுக்குக் கீழுள்ள கொக்கியில் மாட்டிப் பூட்டுங்கள். மாலையில் போட முன் உள்ளே ஒரு தட்டுத் தட்டுங்கள், எறும்பு ஏறியிருக்கும்.

எங்கே நிறுத்தக்கூடாது என்பதற்குப் பலகை எல்லா இடத்திலும் இராது. கட்டட வாசல், படிக்கட்டின் அடி, சக்கர நாற்காலிச் சரிவு, தீயணைப்புக் குழாய், மண்டபத்தின் அவசரக் கதவு, இவற்றை விட்டு விடுங்கள். வளவுப் பாதையில் ஒரு அம்புலன்ஸ் போக 3 மீற்றர் தெளிவாக வேண்டும். இருபக்கமும் வண்டி நின்று நடுவில் 2 மீற்றர்தான் மிஞ்சினால் அந்தப் பாதை இல்லாத மாதிரிதான். ‘ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன்’ என்று மற்றவரின் வண்டியை அடைத்து நிறுத்துவதைச் சோதனைக் காலத்தில் நினைத்தும் பாராதீர்கள். கைப்பிடி லொக் போட்ட வண்டியை அவர் நகர்த்தவும் முடியாது.

உள்ளே இடமில்லை என்று இராமநாதன் வீதியில் மதிலோரம் விட்டுப் போவோர் இருக்கிறார்கள். அங்கே நடந்து போவோர் உங்கள் வண்டியைச் சுற்றி வீதிக்குள் இறங்க வேண்டி வரும். காவலாளியின் பார்வையும் அங்கே இல்லை.

மாரி தொடங்கினால்

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை செம்மண் குழைந்து நிற்கும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியின் பாரம் பெருவிரலளவு ஸ்ராண்ட் நுனியில் இறங்கும்போது, காலையில் இறுகியிருந்த நிலம் மத்தியானம் ஒரு மழை பெய்ததும் இளகிவிடும். வகுப்பால் வரும்போது வண்டி படுத்திருக்கும். இதற்கு ஒரு சாமான் செய்து சீற்றுக்குள் வையுங்கள்: 4 அங்குலச் சதுரத்தில், முக்கால் அங்குலத் தடிப்பில் ஒரு பலகைத் துண்டு. ஒரு மூலையில் துளைத்து மூன்று முழக் கயிறு கட்டுங்கள். ஸ்ராண்டுக்குக் கீழ் வைத்து, கயிற்றின் மற்ற நுனியைக் கைப்பிடியில் சுற்றி விடுங்கள். பின்னேரம் வண்டியில் ஏறி இருந்தபடியே கயிற்றை இழுத்துப் பலகையை எடுக்கலாம், குனிந்து சேற்றில் கை வைக்கத் தேவையில்லை. பலகை கிடைக்காத அன்று தட்டைக் கல்லோ நசுக்கிய தகரப்பேணியோ போதும். சிரட்டை வேண்டாம், நொறுங்கும்.

வெள்ளம் தேங்கிய இடத்தால் போய் வந்த பிறகு பிறேக் பிடிக்காது. மெதுவாக ஓடியபடி இரண்டு மூன்று தரம் இலேசாகப் பிடித்து விட்டால் காயும்.

சைக்கிள்காரருக்கு

இந்த வளவுக்கு மிகப் பொருத்தமான வண்டி சைக்கிள்தான். போர்டிங்கில் இருந்து இரண்டு கிலோமீற்றருக்குள் வருபவர் மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன்படத் தேவையே இல்லை. ஆனால் பின்சில் வளையப் பூட்டை மட்டும் நம்பாதீர்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகலாம். சங்கிலியைச் சட்டத்துக்குள்ளாலும் சில்லுக்குள்ளாலும் விட்டு, அசையாத குழாயிலோ கம்பியிலோ பூட்டுங்கள். பூட்டு நிலத்தில் தொடாமல் உயரத்தில் தொங்கட்டும். நிலத்தில் கிடந்தால் அதன் மேல் கல்லால் குத்தி உடைப்பது லேசு. சட்டத்தின் இலக்கத்தை, அநேகமாகப் பெடல் அச்சுக்குக் கீழே பொறித்திருப்பார்கள், படமெடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள். நூலகத்தில் இருந்து இருட்டுப்பட்டுத் திரும்புவீர்கள் என்றால் முன்னுக்கு லைற், பின்னுக்குச் சிவப்பு, கையில் மணி. லைற் இல்லாத சைக்கிளைப் பொலிஸ் மறிக்கும். அதைவிட, பின்னால் வரும் பஸ் சாரதிக்கு அது தெரியவே தெரியாது.

காரில் வருபவர்கள் ஊழியருக்கென ஒதுக்கிய இடத்தை விட்டு, பின்பக்கமாக உள்ளே விட்டு நிறுத்துங்கள். பட்டமளிப்பு நாளில் பெற்றோரைக் கூட்டி வருவதென்றால் வாசலில் இறக்கிவிட்டு வாகனத்தை வெளியே கொண்டுபோய் நிறுத்தி நடந்து வாருங்கள்.

இடிபட்டால், காணாமற் போனால், மறித்தால்

ஆளுக்கு அடிபட்டால் முதலில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ், பிறகு காவலாளி, மார்ஷல். பொலிஸுக்கு 119. வண்டிகளை நகர்த்த முன் நான்கு பக்கமும் படமெடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கு அந்த இடத்தில் நின்றே அழையுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னால் ஏற்கத் தயங்குவார்கள். மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது என்பதையும் தெரிந்திருங்கள்.

வண்டியைக் காணவில்லையென்றால் நண்பர் யாரும் இடம் மாற்றி வைத்தார்களா என்று பத்து நிமிடம் தேடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கேற்றில் சொல்லி, மார்ஷலிடம் எழுதிக் கொடுத்து, பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் இலக்கத்தை வாங்குங்கள். எஞ்சின் இலக்கம், சசி (வண்டிச் சட்டம்) இலக்கம், வண்டியின் படம் மூன்றும் கையில் இருந்தால் முறைப்பாடு அரைமணியில் முடியும்.

வீதியில் பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினால் லைசன்ஸை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரம் தருவார்கள். அந்தப் பத்திரம் 14 நாட்களுக்கு லைசன்ஸாகச் செல்லும். அதற்குள் தபாற்கந்தோரில் காசு கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்ஸைத் திருப்பி எடுங்கள். 14 நாள் தாண்டினால் இருமடங்கு. அதற்குப் பிறகும் கட்டாவிட்டால் நீதிமன்றம். சனி, ஞாயிறு, போயா விடுமுறைகளை எண்ணிக்கொண்டு முதல் வாரத்திலேயே கட்டி முடிப்பது நல்லது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் பொறியியல், விவசாய பீடங்களுக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் ஏ9 வழியே நாளாந்தம் போய் வரும் எண்ணத்தை விட்டு விடுங்கள். இரவில் வீதியில் படுத்திருக்கும் மாடு கறுப்பென்றால் லைற் வெளிச்சத்திலும் தெரியாது. அங்கேயே தங்கி, சைக்கிள் ஒன்றை வைத்திருங்கள்.

பின்னேரம் வண்டியை எடுக்கும்போது இரண்டு ரயரையும் ஒரு பார்வை, பிறேக் இரண்டையும் ஒரு பிடி, லைற் ஒருமுறை, ஹெல்மெற் பட்டி ‘கிளிக்’ என்று பூட்டும் சத்தம். கடைசியாகச் சைட் ஸ்ராண்டைக் காலால் தடவிப் பாருங்கள். மடிக்க மறந்த ஸ்ராண்ட் நேரே ஓடும்போது ஒன்றும் செய்யாது. முதலாவது இடப்பக்கத் திருப்பத்தில் வண்டி சாயும்போதுதான் அது ரோட்டில் குத்தி ஆளைத் தூக்கி எறியும்.